நேரே இழுக்கும் துவக்கு

பெப்ரவரி 11, ஞாயிறு

ஞாபகமறதிச் சிகிச்சை நிலையத்தின் டாக்டர் ஒரு குறிப்பேடு வைக்கச் சொன்னார். "நீங்கள் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர், சொல்லித்தர வேண்டியதில்லை. பார்த்ததை எழுதுங்கள். விளக்கம் வேண்டாம்." அவருக்கு ஜெர்மனில் சுருக்கம் கொடுப்பேன். மூலம் தமிழில் இருக்கட்டும். என் ஜெர்மன் மோசமில்லை. ஆனால் அதில் எழுதினால் எல்லாமே ஏதோ படிவத்துக்குப் பதில் எழுதுவது போல ஆகிவிடுகிறது.

ஆக: என் கணவர் இரத்தினசபாபதி. இங்கே எல்லோருக்கும் சபா. வயது அறுபத்தொன்று. பாற்கட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். போன ஐப்பசியில் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை.

இன்றைய அவதானம்: தண்ணீர் விடாமல் அரிசியை அடுப்பில் வைத்தார். அரிசி கருகியது. அரை மணி நேரத்துக்குப் பிறகு துவக்குகளை வெளியே எடுத்து, ஐந்தையும் கழற்றித் துடைத்து, எண்ணெய் பூசி, திரும்பப் பூட்டினார். ஒரு பிழையும் இல்லை.

துவக்குகளைப் பற்றியும் எழுத வேண்டும். எல்லாம் சுவிஸ் இராணுவம் எப்போதோ கழித்துவிட்ட துப்பாக்கிகள். 1889 மாதிரி ஒன்று, 1911 மாதிரியில் நீளம் ஒன்று கட்டை ஒன்று, 1931 மாதிரி இரண்டு. மற்ற நாட்டுத் துவக்குகளில் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைபிடியை மேலே தூக்கி, பிறகுதான் பின்னால் இழுக்க வேண்டுமாம். இவற்றில் தூக்குகிற வேலை இல்லை. நேரே பின்னால் இழுக்க வேண்டும், நேரே முன்னால் தள்ள வேண்டும். அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை இவர் எனக்குச் சொன்ன அளவுக்கு வேறெதையும் சொன்னதில்லை.

பெப்ரவரி 18, ஞாயிறு

பனி. படிக்கட்டுக்கு உப்புப் போட்டேன்.

புதிதாக ஒரு துவக்கு வாங்கினால் இவர் முதலில் செய்வது, மரப் பிடியின் அடியில் இருக்கும் இரும்புத் தகட்டின் இரண்டு திருகாணிகளையும் கழற்றிப் பார்ப்பது. அந்தக் காலத்துச் சிப்பாய்கள் தங்கள் பெயரும் ஊரும் எழுதிய துண்டை அதற்குள் வைப்பார்களாம். துண்டு இருந்தால் தொலைபேசிப் புத்தகத்தில் தேடி அந்த வீட்டுக்கு எடுப்பார். "உங்கள் துவக்கு நலமாக இருக்கிறது" என்பார், தன் பாற்கட்டித் தொழிற்சாலை ஜெர்மனில். ஒருமுறை ஒரு கிழவி எடுத்தாள். "அது நலமா இருந்து எனக்கென்ன, அந்த ஆள் அதுக்கு எண்ணெய் பூசின நேரத்தில் என்னோட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்" என்றாளாம். அதை வந்து எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான் அப்போது சிரிக்கவில்லை. இன்று அந்தக் கதையை நினைவுபடுத்தினேன். "எந்தக் கிழவி?" என்றார்.

பெப்ரவரி 24, சனி

கட்டடத்துக்குப் பொதுவான துணி துவைக்கும் அறை இன்று எங்கள் முறை. சவர்க்காரத் தூளுக்குப் பதிலாகக் கோதுமை மாவைப் போட்டுவிட்டார். இயந்திரம் பிழைத்தது. துவாய்கள் பிழைக்கவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"நிரா, இஞ்சை ஒருக்கா வாரும். இது இறுகிப்போச்சு."

1931 துவக்கை மடியில் வைத்திருந்தார். வலது கை கைபிடியை மேலே தூக்கப் பார்த்தது. அசையவில்லை. இன்னும் பலமாகத் தூக்கினார்.

"ஏன் மேலை தூக்கிறியள்?"

"ஆர் தூக்கினது?"

"நீங்கள்தான். நேரை இழுக்கவேணுமெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

கையைப் பார்த்தார். வேறு யாரோ அதை மடியில் வைத்துவிட்டுப் போனது போலப் பார்த்தார். பிறகு நேரே இழுத்தார். வந்தது.

"எண்ணெய் காணாது" என்றார்.

பிட்டு இறுகிவிட்டது.

மார்ச் 16, சனி

திடலுக்குக் கூட்டிப்போனேன். இவரை இனித் தனியே காரில் விட முடியாது. குளிர்காலம் முடிந்து இவருடைய துவக்குச் சங்கத்தின் முதல் சுடுதல்.

சங்கத் தலைவர் ரூடி பால் பண்ணைக்காரர், எழுபது கடந்தவர். இவருக்குத் துவக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்கச் சட்டம் விடாது. எனவே சுவிஸ் கடவுச்சீட்டுக் கிடைக்கும்வரை பொறுத்திருந்து, கிடைத்த அதே கிழமை இவர் ரூடியின் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். ஏன் என்று கேட்டால், "இஞ்சத்தை ஆக்களோடை சேரவேணுமெண்டால் ஒண்டில் மாடு வேணும், இல்லாட்டித் துவக்கு வேணும்" என்பார். நான் அதை ஏற்றுக்கொண்டிருந்தேன்.

ரூடி பேசுவது நாட்டுப்புற ஜெர்மன். அதை எங்கள் பேச்சில் எழுதினால்தான் அவர் குரல் கேட்கும்.

இவர் பாயில் குப்புறப் படுத்தார். முதல் தோட்டா நன்றாகப் போனது. அடுத்ததற்குக் கைபிடியைத் தூக்கினார். வரவில்லை. மறுபடியும் தூக்கினார்.

"டேய் சபா, இதென்ன இங்கிலீஷ்காரன்ரை துவக்கே? தூக்காதை, இழு!"

மற்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். இழுத்தார். மூன்றாவதற்கு மறுபடி தூக்கினார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பிறகு கோப்பி குடிக்கும்போது ரூடி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"முதல் பழகின துவக்குத்தான் கையிலை நிக்கும், நிரா. என்ரை மாமன் ஒருத்தர் வெளிநாட்டுப் படையிலை நிண்டிட்டு வந்தவர். சாகுமட்டும் எங்கடை துவக்கை இப்பிடித்தான் தூக்கித் தூக்கிப் பாப்பார். சபா இஞ்சை வரமுதல் எங்கை சுட்டவன்?"

"அவர் சுட்டதில்லை. நீங்கள்தான் பழக்கினது."

"அப்ப சரி" என்றார் ரூடி. கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மார்ச் 17, ஞாயிறு

ஒரு நாள் அவதானத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இன்று காலை வீட்டில் வெறும் துவக்கைக் கொடுத்துப் பார்த்தேன். நான் குசினியிலிருந்து பார்ப்பது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கை முதலில் மேலே போனது.

தெரிந்தவற்றை எழுதுகிறேன். எண்பத்தைந்தில் தான் கொழும்பில் மாமாவின் இரும்புக் கடையில் நின்றதாகவும், எண்பத்தாறு கடைசியில் அங்கிருந்தே விமானம் ஏறியதாகவும் இவர் சொல்லியிருக்கிறார். "நான் துவக்கைக் கண்டதே சுவிஸிலைதான்" என்பது இவர் வழக்கமாகச் சொல்லும் வாசகம். ஊரில் அந்த நாட்களில் பொலிஸ் நிலையங்களில் இருந்தவை ஆங்கிலேயர் விட்டுப்போன துவக்குகள். இயக்கங்கள் முதலில் பறித்ததும் அவற்றைத்தான். அவற்றின் கைபிடியை மேலே தூக்கித்தான் இழுக்க வேண்டும். இதையெல்லாம் நேற்று இரவு தேடிப் படித்தேன்.

என் அண்ணா குணாளனைப் பற்றி இந்தக் குறிப்பில் எழுதத் தேவையில்லை. ஆனாலும் ஒழுங்குக்காக எழுதிவைக்கிறேன். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஓர் இயக்கத்தோடு கொஞ்சம் பழக்கம், நோட்டீஸ் ஒட்டுகிற அளவுக்கு. எண்பத்தைந்து புரட்டாதியில் ஒரு பின்னேரம் வேறொரு இயக்கத்துப் பெடியன்கள் மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். சின்ன விசாரணை, விட்டுவிடுவோம் என்றார்கள். இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் வாசல் படலையடியில் நீளத் துவக்கோடு நின்றார். எனக்கு ஒன்பது வயது. யன்னலால் பார்த்தேன். அவர் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் தெரியாது. உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை.

ஊரில் துவக்குப் பிடித்த பெடியன்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

அம்மா சாவகச்சேரியில் அக்காவோடு இருக்கிறா. ஒவ்வொரு ஞாயிறும் வாட்ஸ்அப்பில் வருவா. கமராவைக் கூரைக்குப் பிடித்துக்கொண்டுதான் பேசுவா.

"மருமோன் என்னமாதிரி?"

"அப்பிடியேதான் அம்மா."

"என்னை ஞாபகம் இருக்கோ அவருக்கு?"

"இருக்கு."

"எனக்கும் எல்லாம் மறக்குது பிள்ளை. மறக்கவேண்டியதுதான் மறக்குதில்லை."

இவர் ஓடிவந்து திரைக்கு முன் குனிந்து, "மாமி, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டார். எப்போதும் இப்படித்தான். கலியாணமான இருபத்திமூன்று வருடமாக, முன்பு தொலைபேசியில், இப்போது திரையில், ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அம்மாவிடம் இவருக்கு இருக்கும் பணிவை நான் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

நல்ல குணம்தான்.

ஏப்ரல் 6, சனி

நல்ல வெயில். ஆற்றங்கரையில் நடந்தோம். ஒரு பண்ணை நாய் வேலிக்குப் பின்னால் நின்று குரைத்தது. இவர் என்னை மறுபக்கத்துக்குத் தள்ளிவிட்டு நின்றார்.

"உங்கடை ஒழுங்கை முடக்கு வீட்டு நாயும் இப்பிடித்தான். அது இப்பவும் நிக்குதோ?"

"எந்த நாய்?"

"கறுவல். வாத்தியார் வீட்டு நாய். தெரியாத சைக்கிள் வந்தால் துரத்தும்."

அது செத்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் என்றேன். "பாவம்" என்றார். பிறகு ஆற்றில் போகும் வாத்துகளைப் பற்றிப் பேசினார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்கு, இவர் வந்ததே இல்லை. இவர் ஊர் கரவெட்டி. கலியாணம் கொழும்பில். அதற்குள் எங்கள் வீடு ஷெல் விழுந்து தரைமட்டம்.

நாயைப் பற்றி நானே எப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பது சொல்லவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. இந்த வீட்டில் இருக்கிற ஒருவருக்காவது அது நன்றாகத் தெரிய வேண்டும்.

பச்சை மிளகாய் முடிந்துவிட்டது. புர்க்டோர்ஃப் தமிழ்க் கடைக்குப் போக வேண்டும்.

ஏப்ரல் 15, திங்கள்

டாக்டர் இன்று நேரடியாகவே சொல்லிவிட்டார்: துவக்குகள் வீட்டை விட்டுப் போக வேண்டும். இவருக்கு முன்னால்தான் சொன்னார். இவர் தலையாட்டினார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்:

"வயல் சுடுதல் முடியட்டும். பிறகு ரூடியிட்டைக் குடுப்பம்."

வயல் சுடுதல் என்று இவர் சொல்வது ஜூன் தொடக்கத்தில் நாடு முழுக்க நடக்கும் சுடுதல். எல்லாக் கிராமமும் போகும். பதினெட்டுத் தோட்டா. முதல் ஆறை ஆறுதலாகச் சுடலாம். மிச்சத்தைக் கட்டளைக்கு, குறித்த நேரத்துக்குள் சுட வேண்டும். சேர்ந்த வருடத்திலிருந்து இவர் ஒன்றையும் விட்டதில்லை.

ரூடியோடு பேசினேன். போல்ட்டுகள் ஐந்தையும் அவர் இப்போதே எடுத்துக்கொண்டு போனார். போல்ட் இல்லாத துவக்கு வெறும் குழாய்தான். சுடப்போகும்போது அவரே கொண்டுவருவார். "பயப்பிடாதை நிரா, நான் பக்கத்திலையே படுப்பன்" என்றார்.

டாக்டரிடம் தனியே ஒன்று கேட்டேன். பழைய விஷயங்களை இவரிடம் விசாரிக்கலாமா? "காலை நேரத்தில் தெளிவாக இருப்பார். அவசரப்படுத்தாதீர்கள். ஆனால் தள்ளியும் போடாதீர்கள்" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இனி மழுப்பாமல் எழுதுகிறேன். அண்ணாவுக்கு என்ன நடந்தது என்பது இவருக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்திருந்தால் அது இப்போது நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருக்கிறது. அம்மாவுக்கு எண்பத்தாறு வயது.

கேட்க வேண்டும்.

மே 5, ஞாயிறு

கேட்கவில்லை. காலையில் கேட்கலாம் என்று தேத்தண்ணியோடு போனேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து, துவக்குப் பிடிப்பது போலக் கைகளை வைத்து, மூச்சை இழுத்து விடப் பழகிக்கொண்டிருந்தார். வலது கை நேரே பின்னால் போனது. மறுபடி நேரே போனது. என்னைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

"பாரும், இப்ப சரியா வருது."

"ஓம்" என்றேன்.

வயல் சுடுதல் முடியட்டும். அது இவருக்குக் கடைசி. அதைக் குழப்பினால் பிறகு ஒன்றும் சொல்லமாட்டார், கேட்டதும் வீணாகும். இது நடைமுறைக் காரணம்.

மே 18, சனி

ஊரில் வீட்டுக்கு வந்து உடுப்பு வெளுத்துக் கொடுக்கும் கட்டாடியை ஏன் இன்னும் காணவில்லை என்று கேட்டார். சட்டைகளை நானே அழுத்தினேன்.

மே 26, ஞாயிறு

அம்மா திரையில் வந்தபோது இவர் வரவில்லை. கூப்பிட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கையால் "இல்லை எண்டு சொல்லும்" என்று காட்டினார். கண் கலங்கியிருந்தது. இவருக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று அம்மாவிடம் சொன்னேன்.

அரிசி மா வறுத்தேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 8, சனி

வயல் சுடுதல். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மழை விட்டுப் புல் ஈரம். பக்கத்துக் கிராமத்தின் திடல். பந்தல், பியர், பொரித்த சொசேஜ் மணம். பாடசாலைப் பிள்ளைகள் முதல் ஊன்றுகோல் பிடித்தவர்கள் வரை வரிசை. இவரை எல்லோருக்கும் தெரியும். "சபா, போன வருசம் என்னை வெண்டிட்டாய், இந்த வருசம் பாப்பம்" என்று பேக்கரி வைத்திருக்கும் பாண்கடைக்காரர் சொன்னார். "உன்னை வெல்லத் துவக்கு எதுக்கு, கல்லுக் காணும்" என்றார் இவர். நல்ல நாள்தான் என்று நினைத்தேன்.

ரூடி போல்ட்டைப் போட்டுக் கொடுத்து, வலது பக்கத்தில் பாயில் படுத்தார். நான் பின்னால் கயிற்றுக்கு அப்பால் நின்றேன். முன்னூறு மீற்றர் தூரத்தில் இலக்குகள் சின்னச் சின்னக் கறுப்பாகத் தெரிந்தன.

முதல் ஆறு. ஒவ்வொரு தடவையும் கை மேலே போனது. ரூடி இவர் கைமேல் தன் பெரிய கையை வைத்து நேரே பின்னால் கொண்டுபோனார். இரண்டு கிழவர்கள் ஒரு துவக்கை இழுப்பதைப் பார்க்கச் சிரிப்பாக இருந்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. நான்கு தோட்டா நடுவில் பட்டது.

அடுத்தது கட்டளைக்குச் சுடுவது. ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல், சத்தமாக, ஒரே சொல்: சுடு. எல்லாப் பாய்களிலிருந்தும் ஒன்றாக வெடித்தது.

இவர் சுடவில்லை. விரலை எடுத்துவிட்டுத் துவக்கைப் புல்லில் வைத்தார். முழங்காலில் எழும்பினார். ரூடி இவர் தோளைப் பிடித்தார். இவர் ரூடியின் முகத்தைப் பார்த்துத் தமிழில் ஒன்று சொன்னார். ரூடிக்குத் தமிழ் தெரியாது என்பது இவருக்கு அப்போது தெரியவில்லை.

வெடிச் சத்தம் நின்றபோது ரூடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்லுறான்?"

"களைச்சுப்போனாராம்" என்றேன்.

ரூடி தலையாட்டினார். துவக்கைத் திறந்து தோட்டாவை எடுத்தார். இவரை இரண்டு பேராகத் தூக்கிப் பந்தலுக்குக் கொண்டுவந்தோம். மிச்சப் பன்னிரண்டுக்கும் சைபர் போட வேண்டும், அதுதான் விதி என்று ரூடி மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். பிறகு தன் சொசேஜை இரண்டாக வெட்டிப் பாதியை இவருக்குக் கொடுத்தார். இவர் முழுவதும் சாப்பிட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

நேற்று நான் மொழிபெயர்த்தது பிழை. இவர் சொன்னது இது:

"அண்ணை, இவன் படிக்கிற பெடியன் அண்ணை. இவனை விடுங்கோ."

இரண்டு தடவை சொன்னார்.

படிக்கிற பெடியன்கள் எத்தனையோ பேர். எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேர் இப்படிக் கெஞ்சியிருப்பார்கள். இதை ஒரு சான்றாக வைத்து நான் ஆய்வுகூடத்தில் யாருக்கும் முடிவு எழுதிக் கொடுக்கமாட்டேன்.

சமைக்கவில்லை. பாணும் சம்பலும்.

ஜூன் 12, புதன்

ரூடி வானோடு வந்தார். துவக்குகள் சங்கத்தின் பெட்டகத்துக்குப் போகின்றன. விரும்புகிற ஆட்கள் கிடைத்தால் கொடுப்பார். இவர் தானே ஒவ்வொன்றாகப் போர்வையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாக 1889 துவக்கைத் தூக்கும்போது நின்றார்.

"இது ஆற்றை?"

"உங்கடைதான்."

குரலைத் தாழ்த்தினார். "எங்கடை வீட்டிலை வைச்சிருக்கக் கூடாது. ஆமி வந்தால் வீட்டுக்காரச் சனத்துக்குத்தான் பிரச்சினை. அவையிட்டைக் குடுத்துவிடுங்கோ."

என்னை நீங்கள் என்றார். எப்போதும் நீர் என்பார்.

வான் போனபிறகு ரூடி நின்ற இடத்தில் ஒரு தோல் கையுறை கிடந்தது. அதைத் தபால் பெட்டிமேல் வைத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று காலை கேட்டேன்.

எழும்பி முகம் கழுவி, கட்டிலில் இருந்தபடி சட்டைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தார். வெளிச்சம் நன்றாக இருந்தது. நான் எதிரே கதிரையில் இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று நான் தயார் செய்துவைத்த எதுவும் வாயில் வரவில்லை. இவர்தான் முதலில் பேசினார்.

"நீங்கள் ஆர் வீட்டுப் பிள்ளை?"

உங்கள் மனைவி என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் அப்படித்தான் சொல்லச் சொன்னார்.

"நான் குணாளன்ரை தங்கச்சி" என்றேன்.

பொத்தானில் இருந்த விரல்கள் நின்றன. எழும்பி நின்றார். வீட்டுக்கு வந்த பெரியவர் முன்னால் நிற்பது போல நின்றார்.

"இருங்கோ தங்கச்சி, இருங்கோ."

"அண்ணாவைக் கண்டனீங்களோ?"

"ஓம்."

"எங்கை?"

யன்னலைப் பார்த்தார். வெளியே பக்கத்து வீட்டுக்காரி பூக்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கவில்லை.

"அம்மாட்டைச் சொல்லுங்கோ, அவர் சாப்பிட்டவர். பசியோடை இல்லை. நான்தான் பாண் வாங்கிக் குடுத்தனான். காவலுக்கு நிண்டதும் நான்தான். கதவைத் திறந்துவிடச் சொன்னவர். நான்..."

"நீங்கள்?"

உதடு அசைந்தது. வலது கை கொஞ்சம் மேலே எழும்பியது, பிறகு கீழே இறங்கியது.

"பிறகு என்ன நடந்தது?"

"பிறகு..." என்றார். தேடினார். உண்மையாகவே தேடினார், சாவி வைத்த இடத்தைத் தேடுகிறவர் மாதிரி அறை முழுவதையும் கண்ணால் துழாவினார். பிறகு அவர் முகம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. என்னைப் பார்த்தார். தெரிந்த முகம் என்று கண்ணில் தெரிந்தது.

"நிரா, என்ன இருந்திட்டீர்? தேத்தண்ணி போடேல்லையே?"

போட்டேன். சீனி இரண்டு கரண்டி.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் மறுபடி கேட்டேன். "எந்தக் குணாளன்?" என்றார். வேலைக்குப் பிந்திவிட்டேன்.

ஜூன் 22, சனி

நாலைந்து காலைகள் கேட்டாகிவிட்டது. தங்கச்சி என்று சொன்னேன். வாத்தியார் வீட்டு ஒழுங்கை என்று சொன்னேன். நாயின் பெயர் சொன்னேன். இன்று அழத் தொடங்கிவிட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

இப்படியான நோயாளிகள் தங்களுக்குள் இருக்கும் வெற்றிடத்தை எதிரே இருப்பவருக்குப் பிடித்ததைச் சொல்லி நிரப்பிவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன். தங்கச்சி ஒருத்தி வந்து கேட்டால், மரியாதை தெரிந்த எந்த மனிதனும் உன் அண்ணா சாப்பிட்டவர் என்றுதான் சொல்வான். ஆகவே ஒன்றும் நிரூபணமாகவில்லை.

ஏப்ரலில் கேட்டிருக்கலாம். அப்போது நாயின் பெயரே இவருக்கு ஞாபகம் இருந்தது. நான்தான் ஜூன் வரட்டும் என்று இருந்தேன். அது இவருக்காக என்று எழுதிவைத்திருக்கிறேன். எனக்கு என்ன பதில் வரும் என்ற பயம் என்று எழுதவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

அம்மா வந்தா. வழக்கம்போலக் கூரை தெரிந்தது. விசிறி சுற்றியது.

சொல்லுவதில்லை என்றுதான் இருந்தேன். சந்தேகம் உள்ள தகவலை எண்பத்தாறு வயதுக் கிழவிக்குக் கொடுப்பது நியாயமில்லை. இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா மழையைப் பற்றிச் சொன்னா, அக்காவின் முழங்காலைப் பற்றிச் சொன்னா. இடையில் நான் சொல்லிவிட்டேன்.

"அம்மா, குணாளன் அண்ணா அண்டைக்குச் சாப்பிட்டவராம். பாண் வாங்கிக் குடுத்ததாம்."



"ஆர் சொன்னது?"

"இவர்."

கூரை அசைந்தது. அம்மா கமராவைத் திருப்பினா. வாட்ஸ்அப்பில் முதல் தடவையாக முழு முகமும் தெரிந்தது. அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பா என்று காத்திருந்தேன். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாணாம்?"

"தெரியாது அம்மா. அவருக்கு ஞாபகமில்லை."

"றோஸ்பாண் எண்டால் விரும்பிச் சாப்பிடுவான்."

"ஓம்."

"சம்பல் இருந்திராது."

"இருந்திராது அம்மா."

அம்மா சேலைத் தலைப்பால் வாயை ஒற்றினா. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா, அல்லது திரையில் தெரிகிற தன்னைப் பார்த்தாவோ தெரியாது.

"பிள்ளை, மருமோனை இனிக் கேளாதை."

"அம்மா..."

"நாப்பது வருசம் அதை வைச்சுக்கொண்டு கிடந்திருக்கிறார். களைச்சிருப்பார். இனிக் கேளாதை."

சரி என்றேன். அக்கா வந்து போனை வாங்கினா. அம்மாவுக்கு என்ன, ஏன் இப்படி இருக்கிறா என்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன்.

வைத்துவிட்டுத் திரும்பினேன். இவர் குசினி வாசலில் வெறுங்காலோடு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது.

"ஆர் கதைச்சது?"

"அம்மா."

"மாமியோ? நான் சுகம் கேட்டனான் எண்டு சொல்லும்."

சொன்னேன் என்றேன்.